கடமையுணர்வும் கால்வலியும்

கடமையுணர்வு உள்ளவருக்கு வேலை பாரமாகத் தெரியாது என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மனம் உணராத பாரத்தையும் உடல் கணக்கில் வைத்துக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் நிறுவனமும் 2021 மே மாதம் வெளியிட்ட ஆய்வின்படி, நீண்டநேர வேலை காரணமான பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 2016இல் மட்டும் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தனர். வாரம் 55 மணித்தியாலங்களோ அதற்கு மேலோ உழைப்பதே ஆபத்தின் எல்லை.

இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலங்களை அனுமதிக்கிறது. மேலதிகமாக 12 மணித்தியாலங்கள் வேலை வாங்கலாம். கூட்டிப் பாருங்கள்: 57. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் மதிக்கும் முதலாளியிடமும் ஊழியர் அந்த எல்லையைத் தாண்டிவிட முடியும்.

நேரம் மட்டுமே காரணமன்று. பிரித்தானிய அரச ஊழியர்களிடையே 1985இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, தம் வேலையில் தமக்கென்று அதிகாரம் இல்லாதவர்களிடையே இருதய நோய் அதிகம் எனக் கண்டது. வேலைச்சுமை ஒன்று, அதைச் சற்று இறக்கிவைக்கும் உரிமை மற்றொன்று.

மூதூர்ப் புடவைக் கடைகளை எண்ணிக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் விற்பனைப் பெண்களுக்கு நாள் முழுவதும் நிற்பதே வேலை. சிறு முதலாளியும் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கால் வலித்தால் அவர் கல்லாவில் அமரலாம். அவர்கள் அமர்ந்தால் அது சோம்பல் என்று பெயர் பெறும்.

கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தின. கேரளத்தில் அதற்குப் போராடியவர்கள் புடவைக் கடைப் பெண்களே. ஒரு முக்காலிக்காகச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது நமக்கு வெட்கம்தான். கூடியதே என்பது ஆறுதல்.

நமது சட்டத்திலும் அந்த 57ஐக் குறைக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். முக்காலி போடுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வெளிநாடுகளில் கடை நடத்தும் நம் அன்பர்களுக்கும் இதையே சொல்வேன்: ஊழியரின் ஈடுபாட்டை மெச்சுங்கள், அவர் உட்காரவும் இடம் கொடுங்கள்.