பூட்டிய கடைக்கு வழிகாட்டும் செல்போன்!

இரவு பத்து மணிக்கு மகளுக்குக் காய்ச்சல். செல்போன் வரைபடத்தில் பார்த்தால், பக்கத்தில் ஐந்து மெடிக்கல் ஷாப் 'திறந்திருக்கிறது' என்று காட்டியது. என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தார். நான்கு கடை பூட்டிக் கிடந்தது! திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர்தான், அதற்காக இப்படியா?

பத்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-லேயே அரசு அனுமதித்தது. ஆனால் நம் தெருவில் இருப்பதெல்லாம் சின்னக் கடைகள்தானே! ஊரில் எத்தனை கடை என்பதைவிட, ராத்திரியில் எத்தனை திறந்திருக்கும் என்பதுதான் முக்கியம்.

கடைக்கார அண்ணன்மாரே, கடை சாத்தும் நேரத்தையும் வார விடுமுறையையும் வரைபடத்தில் சரியாகப் போடுங்கள். தோழிகளே, தப்பாக இருந்தால் நாமும் திருத்தம் அனுப்பலாம். பத்தாவது படிக்கும் மகனிடம் கேட்டு நான் அனுப்பிவிட்டேன். நீங்கள்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.