வலி ஊசியும் கடிகாரமும்

போன மாதம் என் நாத்தனார் மகளின் தலைப்பிரசவத்துக்காக, மாமல்லபுரம் போகிற சாலையிலுள்ள அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பாட்டி சீரகக் கஷாயத்தோடு வந்துவிட்டாள். "சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் ஓங்கும்" என்பது பாட்டியின் சாஸ்திரம். வலி ஓங்கிற்று. இரவு ஒன்பது மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தோம்.

நர்ஸம்மா ரத்த அழுத்தம் பார்த்தாள். வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இருதயத் துடிப்பை எங்களுக்கும் கேட்கச் செய்தாள். "கருப்பை வாய் மூன்று சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது. எல்லாம் சரியாகவே இருக்கிறது. நடக்கட்டும்; பசித்தால் ஏதாவது சாப்பிடட்டும்" என்றாள்.

நடுநிசி தாண்டிற்று. நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"வலி ஊசி ஒன்று போட்டுவிடக் கூடாதா, சிஸ்டர்? சட்டென்று முடிந்துவிடுமே!"

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் அவளுடைய அக்காவுக்கு வீட்டிலேயே பிரசவமாயிற்று. 'சுகப்பிரசவம்' என்று எல்லோருக்கும் சர்க்கரை வழங்கினார்கள். அடுத்த அரை மணிக்குள் உதிரம் நிற்காமல் அவள் கண்ணை மூடிவிட்டாள். அன்று முதல் பிரசவம் என்றாலே, எப்படியாவது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதுதான் நாத்தனாரின் பிரார்த்தனை.

வலி ஊசி நம் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. 1995-ல் சிசிலியா வான் ஹோலன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், இதே சாலையிலுள்ள கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் சென்னை நொச்சிக்குப்பத்திலும் தாய்மார்களோடு பேசிப் பழகி, 2003-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மேல்நாட்டுப் பெண்கள் வலி குறைய மருந்து கேட்க, இங்கே வலியைக் கூட்ட மருந்து கேட்கிறார்கள் என்பதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். வலிதான் சக்தி என்பது நம்மவர்களின் கணக்கு.

நர்ஸம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அரிசி வேகுமுன்னே கஞ்சி வடிக்கலாமா, அம்மா?" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது வெறும் சமாதானமல்ல. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்பது நெடுநாள் பாடமாக இருந்தது. 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதைத் திருத்திற்று. ஐந்து சென்டிமீட்டர் வரை இத்தனை மணி என்று கெடுவே கிடையாது. அதற்குமேல் முழுதும் திறக்கத் தலைப்பிரசவத்தில் பன்னிரண்டு மணி வரை ஆகலாம். அடுத்த பிரசவங்களில் பத்து மணி வரை. தாயும் சேயும் நன்றாக இருக்கும்போது, மெதுவாகப் போவது மட்டும் ஒரு நோயல்ல. வேண்டாத நேரத்தில் வலியை முடுக்கினால் குழந்தைக்குப் பிராணவாயு குறையலாம். அபூர்வமாகக் கருப்பையே கிழிந்துவிடவும் கூடும்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? அதுதான் இல்லை. அரை மணிக்கொரு தரம் வந்து குழந்தையின் துடிப்பை எண்ணினாள். நிமிஷத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டுமாம். பிரசவம் சரியாகப் போகிறது என்பது ஒரு தடவை சொல்லி முடிக்கிற தீர்ப்பல்ல. பிள்ளை பிறந்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி. அதைத் தெரிந்தவள்தான் நல்ல மருத்துவச்சி.

வீட்டில் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. மாதம் ஏற ஏறக் கால் லேசாக வீங்குவது சகஜம். முகமும் கையும் வீங்கித் தலைவலியோடு கண் மங்கினால் சகஜமல்ல. ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினாலும், உதிரப்போக்குக் கண்டாலும், ஜன்னி வந்தாலும், பனிக்குட நீர் பச்சையாக வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் கஷாயம் போடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

விடியற்காலை ஐந்து சென்டிமீட்டர். பகல் ஒரு மணிக்குப் பெண் குழந்தை, வீரிட்டு அழுதது. பிறந்த மறு நிமிஷமே நர்ஸம்மா தாயின் தொடையில் ஓர் ஊசி போட்டாள்.

"இத்தனை நேரம் கேட்டேன், மாட்டேன் என்றீர்கள். இப்போது மட்டும் எதற்கு ஊசி?" என்றாள் நாத்தனார்.

"அதே மருந்துதான், அம்மா. ஆக்ஸிடோசின். இப்போது வலிக்காக அல்ல. கருப்பை சுருங்கி உதிரம் அடங்குவதற்கு. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் போடுகிறோம்."

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அன்றைக்கு அக்காவுக்கு இந்த ஊசி..." என்றவள் முடிக்கவில்லை.

இந்தத் தடவை ஒரு மணி நேரம் காத்திருந்து, உதிரம் அடங்கியிருக்கிறது என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் சர்க்கரை வழங்கினோம்.