இரண்டு கப்பல்கள்

கூடலூர்ப் பகுதித் தோட்டத் தொழிலாளரின் குடிமனைப் பிரச்னைக்காக மனுக் கொடுக்கச் சென்னை போயிருந்தோம். இரவு காசிமேட்டில் ஒரு தோழரின் வீட்டில் தங்கினோம். மலையில் வாழ்பவர்களுக்குக் கடலைப் பார்க்க ஆசை இருக்காதா? விடியுமுன் எழுந்து கரைக்குப் போனோம்.

கீழ்வானம் வெளுக்கும் நேரம். ஒரு சிற்றூரே விளக்கேற்றிக்கொண்டு மிதந்து வருவதுபோல் ஒரு கப்பல் வந்தது. அடுக்கடுக்காய்த் தளங்கள்; வரிசை வரிசையாய் ஜன்னல்கள். உல்லாசக் கப்பல்! இரவெல்லாம் வலை வீசிவிட்டுத் திரும்பிய மீனவர் படகுகள் அதன் முன்னே தீப்பெட்டி போலத் தெரிந்தன.

எல்லோரும் வியந்து பார்த்தோம். எங்களோடு வந்திருந்த, கொழுந்து பறித்தே காலம் கழித்த ஒரு பாட்டி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நாங்களும் கப்பல்லதான் வந்தோம்ப்பா. எங்களைத் தலையை எண்ணி எறக்குனாங்க."

அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

வெள்ளைக்காரத் துரைமார் இலங்கையில் காப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் தேடினார்கள். பஞ்சத்தில் அடிபட்ட நம் கிராமத்து ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிப் போனார்கள். காட்டை அழித்து மலையைப் பொன் விளையும் பூமியாக்கியவர்கள் இவர்களே. கிடைத்த பரிசு என்ன? 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்குப் பலம் சேர்த்ததைக் கண்டு ஆளும் வர்க்கம் மிரண்டு போயிருந்தது!

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். சந்தையில் ஆடு பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்தார்களே, அந்த உழைப்பாளிகளை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

தலைமன்னாரில் ஏற்றி இராமேஸ்வரத்தில் இறக்கியது 'இராமானுஜம்' என்ற கப்பல். அடுத்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த அதே இடம்! போகும்போதும் அதே வாசல், வரும்போதும் அதே வாசல்.

அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் சர்க்கார் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' கார்ப்பரேஷன் ஆயிற்று. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி மலைகளில் அட்டை கடிக்க, மழையில் நனைந்து, செடி நட்டு வளர்த்தவர்கள் இவர்கள்.

2022-ல் வந்தது உத்தரவு. கார்ப்பரேஷன் நஷ்டத்தில் நடக்கிறதாம். 2,152 ஹெக்டேர் நிலம் வனத்துறைக்குத் திரும்பப் போக வேண்டுமாம். காடு வேண்டும், யானைக்கு வழி வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், சர்க்கார் சொன்ன இடத்தில், சர்க்கார் கொடுத்த செடியை நட்டவன் எப்படி வேண்டாதவன் ஆனான்? தோட்டத்தின் லைன் வீடு வேலையோடு முடிச்சுப் போட்ட வீடு. வேலை முடிந்தால் வீடும் போகும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவள் கிழவியானதும் எங்கே போவாள்? கூடலூரில் ஜன்மம் நிலங்களில் குடியேறிய குடும்பங்களின் நிலையும் இதுவே. 1969-ன் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தும், அதன் 17-வது பிரிவு நிலங்களில் பட்டாவுக்காக இன்னும் காத்துக் கிடக்கிறார்கள்.

இந்த நாட்டில் கப்பலுக்கு வரவேற்பு இல்லாமல் இல்லை. சென்னையில் 17 கோடியே 21 லட்சம் ரூபாயில் உல்லாசக் கப்பல் நிலையம் கட்டியிருக்கிறார்கள். 2023 ஜூனில் மத்திய மந்திரி கொடியசைக்க, 11 தளங்கள் கொண்ட கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றி வந்தது. காசுள்ளவன் கண்டு களிக்கக் கடல் திறந்து கிடக்கிறது!

கப்பல்மீது நமக்குப் பகை இல்லை. அதைக் கட்டியவனும் தொழிலாளி, அதன் அடித்தட்டில் எந்திரத்தோடு வேகிறவனும் தொழிலாளி. 2006-ன் சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தமே ஒரு நாளில் 14 மணி வரை வேலை வாங்க இடம் கொடுக்கிறது. நாம் கேட்பது ஒன்றுதான்: உல்லாசத்துக்கு வந்தவர்களுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு, உழைக்க வந்தவர்களுக்கு இல்லையா?

ஆலைத் தொழிலாளித் தோழா! இது மலைக்காரர் விஷயம் என்று ஒதுங்காதே. மில் லைன் வீட்டில் குடியிருந்தவனுக்கு இந்தப் பயம் தெரியும். விவசாயத் தொழிலாளித் தோழா! 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்து, மிராசுதாரின் மனையில் குடியிருந்த நீ அந்த மனைக்குச் சொந்தக்காரன் ஆனாய். அது யாரும் தானமாகத் தந்ததல்ல. செங்கொடியின் கீழ் வருஷக்கணக்காகப் போராடியதன் பலன். சமவெளியில் சாத்தியமானது மலையில் ஏன் சாத்தியமில்லை?

தாயகம் திரும்பிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் குடிமனைப் பட்டா வேண்டும். ஓய்வு பெற்றவரை மாற்று வீடு தராமல் வெளியேற்றக் கூடாது. நிலம் கைமாறும் தோட்டங்களில் ஒரு தொழிலாளியின் வேலைகூடப் போகக் கூடாது. இவை பிச்சையல்ல, 1964-ல் கையெழுத்திட்ட சர்க்காரும், இவர்கள் உழைப்பில் தோட்டம் வளர்த்த சர்க்காரும் பட்ட கடன்.

தலையை எண்ணி இறக்கத் தெரிந்தவர்களுக்கு, பட்டாவில் பெயரை எழுதத் தெரியாதா? எழுதும்வரை நாம் ஓயப்போவதில்லை!