செப்பேட்டைப் பாராத அடிக்குறிப்புகள்

கொச்சி மட்டாஞ்சேரியில், பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் பாதுகாப்பில் இருந்துவரும் செப்பேடு கி.பி. 379-இல் வழங்கப்பட்டது என்னும் செய்தி இன்னும் சாகவில்லை. சுற்றுலாக் கையேடு அவ்வாறு எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வேடும் அதையே எழுதி, அதன் அடியில் 'எ.இ., தொ. 3, பக். 66-69' என்று சான்றும் காட்டும்போது பொறுக்க இயலாது.

'எ.இ.' என்பது எபிகிராபியா இண்டிகா. அதன் மூன்றாம் தொகுதியில் (1894-95) ஹுல்ட்ஷ் இச்செப்பேட்டைப் பதிப்பித்தார். வட்டெழுத்தில் அமைந்த அந்த வாசகத்தில் சக ஆண்டு இல்லை, கலியாண்டு இல்லை, கொல்லம் ஆண்டும் இல்லை. பாஸ்கர இரவிவர்மன் தன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டில், முயிரிக்கோட்டில் இருந்தபோது, யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்தான் என்பதே அதன் செய்தி. அவ்வரசனின் காலத்தைப் பிற சான்றுகளால் கணித்தே கி.பி. 1000 என்னும் ஆண்டை எம்.ஜி.எஸ். நாராயணன் முதலியோர் கொண்டனர். 379 சமூக மரபில் வழங்கிவந்த ஆண்டு. எனவே அடிக்குறிப்பு சுட்டும் சாசனம் அதற்குச் சான்றாகாது. தொகுதி திறக்கப்படவில்லை, வேறொருவர் நூலிலிருந்த அடிக்குறிப்பு அப்படியே பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று ஒரு தொடர் சேர்த்திருந்தால் அது நேர்மையான இரண்டாம்நிலைச் சான்றாகியிருக்கும். அத்தொடரை விடுவது பாராததைப் பார்த்ததாகச் சொல்வதாகும்.

மரபு என்று குறித்தால் போதுமே எனலாம். யாருடைய மரபு? மலபார் யூதரும், பெரும்பாலும் பதினாறாம் நூற்றாண்டு முதல் வந்து சேர்ந்த பரதேசி யூதரும் இச்செப்பேட்டைத் தத்தம் முன்னோர்க்கு உரியதென்றே சொல்லிவந்தனர். பரதேசியரின் தொழுகைக்கூடம் 1568-இல் எழுந்தது. செப்பேடோ அதற்கு ஐந்து நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. 'யூத மரபுப்படி' என்று மொட்டையாக எழுதும் ஆய்வாளர், தம்மை அறியாமலேயே ஒரு தரப்பின் வழக்கறிஞராகிவிடுகிறார். இப்பெயரில் நூற்றாண்டுக்கணக்கில் ஏற்றத்தாழ்வு பேசப்பட்டது என்பதை நினைத்தால், சான்றின் மூலத்தைக் குறிப்பது வெறும் ஒழுங்குமுறை அன்று என்பது விளங்கும்.

ஆண்டைக் குறிக்காமல் விடுவதும் இதே கேட்டைச் செய்கிறது. குண்டர்ட் இச்சாசனத்தை மொழிபெயர்த்து ஆராய்ந்த கட்டுரை 1844-இல் வெளிவந்தது. அஞ்சுவண்ணத்தை ஒரு யூதச் சிற்றரசு எனக் கருதும் பார்வை அக்காலத்தது. வணிகர் குழு என்பதே பின்னாளைய ஆய்வின் முடிவு. 'குண்டர்ட் கூறுவார்' என நிகழ்காலத்தில் எழுதி ஆண்டை மறைத்தால், நூற்றெண்பது ஆண்டுப் பழைய ஊகம் நேற்றைய கண்டுபிடிப்பைப் போல் நிமிர்ந்து நிற்கும்.

இனிச் சுருக்கக் குறியீடுகள். 'மேலது' என்பது உடன் முந்திய குறிப்பையே சுட்டும். திருத்தும்போது இடையில் ஒரு புதிய குறிப்பு நுழைந்தால் 'மேலது' வேறொரு நூலுக்குத் தாவிவிடும். ஹுல்ட்ஷ் சொன்னது குண்டர்ட் தலையில் ஏறும். 'நாராயணன், மு.கு.நூ.' என்பது இன்னும் மோசம். அவர் சேரர் காலக் கேரளம் பற்றி 1972-இல் ஒன்றும் 1996-இல் ஒன்றும் நூல் வெளியிட்டவர். இரண்டும் துணைநூற்பட்டியலில் இருக்கையில் முற்குறிப்பிட்ட நூல் எது? சுருங்கிய தலைப்பையோ ஆண்டையோ சேர்ப்பதற்கு ஒரு சொல்தான் செலவு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளை ஆள்வோர் செய்யும் பிழை வேறு வகை. தஞ்சைப் பெரியகோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டு இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண். 'எ. 66' என்று வரவேண்டியது 'ப. 66' ஆகிவிட்டால், தேடிப் போகிறவர் வேறொரு சாசனத்தின் முன் நின்று விழிப்பார். ('தொ.' என்பது தொகுதியா தொகுப்பாசிரியரா என்பதைச் சில ஆய்வேடுகளில் ஆசிரியரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.)

இவையெல்லாம் தட்டச்சர் வேலை, கருத்தே முக்கியம் என்பவர்கள் உண்டு. இச்செப்பேட்டின் மொழி தமிழா மலையாளமா என்று இரு மாநிலத்தாரும் மல்லுக்கு நிற்கிறார்கள். அவ்வழக்கில் கருத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் எதற்கென்றால், எந்த வரியின் எந்த வடிவத்தை, யாருடைய வாசிப்பின்படி காட்டுகிறோம் என்று சொல்லும் குறிப்புகளுக்கு. ஓர் எழுத்தின் வாசிப்பு மாறினால் விகுதி மாறும். விகுதி மாறினால் வாதமே மாறும். பதிப்பைச் சுட்டாத மேற்கோளை வைத்து எந்தப் பக்கத்தாரும் வெல்ல முடியாது, தோற்கவும் முடியாது. அதனால்தானோ என்னவோ சிலருக்கு அது வசதியாக இருக்கிறது.

ஹுல்ட்ஷின் பதிப்பு மொத்தம் நான்கே பக்கம்.