கிளிப்பிள்ளையின் மொழி

சொன்னதையே திரும்பச் சொல்லும் மாணவனைக் ‘கிளிப்பிள்ளை’ என்கிறோம். அச்சொல்லில் சிறிது இகழ்ச்சி தொனிக்கிறது. ஆயினும் பிள்ளை என்பது இகழ்ச்சிப் பெயரன்று. தொல்காப்பிய மரபியல் பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களை உரிமையாக்குகிறது. பிள்ளை என்று பெயரிட்ட நாம், இளங்கிளியைப் பிள்ளையாகவே பேணுகிறோமா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

கிளி வளர்க்கும் இல்லத்திற்குச் செல்வோர், “கிளி பேசுகிறதா?” என்றே முதலில் கேட்கின்றனர். “கிளி என்ன சொல்கிறது?” என்று கேட்பவர் அரியர். நம் மொழியைப் பேசக் கற்கும் முன்பே அது தன் உடலால் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இறகுகளை ஒடுக்கி, உடலை நிமிர்த்தி அசையாது நிற்பின் அஃது அச்சம். உறங்குமுன் அலகை மெல்ல அரைப்பின் அது மனநிறைவு. நாள் முழுதும் இறகு சிலிர்த்து ஒடுங்கியிருப்பின் அது நோய்.

கடிப்பதையே பலரும் குற்றமாகக் கூறுவர். கிளிக்கு அலகே கையுமாகும். குழந்தை எதனையும் வாயில் வைத்துப் பார்ப்பது போல, இளங்கிளியும் அலகால் தொட்டே உலகை அறிகிறது. அப்போது கூண்டைத் தட்டி அதட்டினால் அச்சம் மிகும்; அச்சமே பின்னர் மெய்யான கடியாகும். விரலை மெல்ல விலக்கிக்கொண்டு, கடிப்பதற்கு ஒரு மரத்துண்டைத் தருவதே தக்க முறை.

காலையிலும் மாலையிலும் அது கத்துவதும் குறும்பன்று. கூட்டமாக வாழும் பறவை, தன் கூட்டத்தை அழைக்கிறது. வெனிசுவேலா நாட்டின் சிறுகிளிகளைப் பற்றி 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தாய் தந்தையரிடமிருந்தே குஞ்சுகள் தமக்குரிய தனித்த அழைப்பொலியைப் பெறுகின்றன எனக் காட்டியது. பெயரிட்டு அழைக்கும் குடும்பத்தில் பிறக்கும் உயிரைத் தனிமையில் அடைத்தால் அது கதறாமல் என் செய்யும்? சிறு மறுகுரல் கொடுப்பின் பெரும்பாலும் அமைதியுறும்.

ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அறிஞர் 1977இல் வாங்கிய ‘அலெக்ஸ்’ என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, 2007இல் இறக்கும்வரை நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லக் கற்றது. அஃது உருப்போட்டுக் கற்கவில்லை. இருவர் தன்முன் உரையாடுவதைக் கண்டு, பெயர் சொன்ன பொருளைக் கையுறையாகப் பெற்றுக் கற்றது. உறவின்றிக் கல்வியில்லை என்பது ஆசிரியராகிய நமக்கும் பாடமன்றோ?

உணவும் உறக்கமும் இன்றியமையாதன. தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தருவதால் வைட்டமின் ‘ஏ’ குறையும். கீரையும் காரட்டும் வேண்டும். சாக்லேட் நஞ்சாகும். நாளொன்றுக்குப் 10 முதல் 12 மணி நேரம் இருளும் அமைதியும் தேவை. தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அவை கிட்டுவதில்லை.

இத்துணையும் ஆற்ற இயலாதவர் கிளி வளர்க்க முற்படாதிருத்தலே நன்று. நம் நாட்டுப் பச்சைக்கிளியை எவ்வளவு அன்புடன் பேணினும் கூண்டிலடைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அதன் குஞ்சை மரப்பொந்திலிருந்து எடுத்து விற்போர் உளரெனில், வாங்குவோர் உளர் என்பதே காரணம். ‘லவ் பேர்ட்ஸ்’ எனப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகள் போல, வளர்ப்பிடங்களிலேயே பிறந்த அயல்நாட்டுப் பறவைகளை வளர்ப்போர், அவற்றுக்கு நம் மொழியைக் கற்பிக்குமுன் அவற்றின் மொழியைக் கற்க வேண்டும். பிள்ளை என்றழைத்த வாய்க்கு அதுவே பெருமை.