பட்டா நம் பேரில், பயன் அவர்கள் பேரில்



போன வாரம் கடற்கரையில் காலை நடைக்குப் போனபோது, வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "கேஸ் குழாய்க்கு எதுக்கு சார் விவசாயிங்க இவ்வளவு கூச்சல் போடறாங்க? நிலத்தையா எடுத்துக்கறாங்க? மூணு அடிக்குக் கீழே குழாய் போகுது. மேலே உழுதுக்க வேண்டியதுதானே?"

நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் படிப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

"நிலத்தையா எடுத்துக்கறாங்க?" என்ற இந்தக் கேள்வியில்தான் எல்லா சூட்சுமமும் இருக்கிறது. எடுத்துக்கொண்டால் நிலத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். எடுக்காமல் எடுப்பதற்கென்றே நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. 1962-இல் வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் அது. அசாமில் கிடைத்த எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டுபோகக் குழாய் பதித்த காலத்தில் போட்ட சட்டம். இன்றைக்கு இயற்கை எரிவாயுக் குழாய்களுக்கும் அதுதான்.

அந்தச் சட்டப்படி அரசு நிலத்தை வாங்குவதில்லை. நிலத்தின் "பயன்பாட்டு உரிமை"யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பேரில் இருக்கும். வரி ரசீதும் உங்கள் பேரில் வரும். ஆனால் குழாய் போகும் பட்டையில் நீங்கள் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, குளம் தோண்டக் கூடாது, மரம் நடக் கூடாது. நெல் போடலாம், கடலை போடலாம். தென்னை வைக்க முடியாது. மகனுக்குக் கல்யாணமானால் பக்கத்தில் ஓர் அறை எழுப்ப முடியாது.

இதற்கு இழப்பீடு என்ன? நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஒரே ஒரு முறை. வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் தனியாக ஏதோ தருவார்கள். அத்தோடு சரி. எரிவாயு நாற்பது வருடம் ஓடினாலும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டையின் அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிலத்தில் 100 மீட்டர் தூரம் அது போகிறது. ஏறக்குறைய அரை ஏக்கர். ஏக்கர் 10 லட்சம் என்றால் அந்த அரை ஏக்கரின் மதிப்பு 5 லட்சம். உங்கள் கைக்கு வருவது 50,000 ரூபாய். மிச்ச நிலத்தை விற்கப் போனால், "நடுவில் கேஸ் குழாய் போகுதாமே" என்று வருகிறவன் விலையைக் குறைப்பான். அதற்கு யாரும் இழப்பீடு தருவதில்லை.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே இப்படிப்பட்ட உரிமைக்குச் சட்டத்தில் "செர்வித்யூத்" என்று பெயர். ஒருவனுடைய சொத்தின் மேல் இன்னொருவனுடைய வசதிக்காகச் சுமத்தப்படும் பாரம். எங்கள் ஊரில் நொத்தேர் எழுதிய பழைய பத்திரங்களில், வழிநடைக்கும் தண்ணீர்ப் போக்குக்கும் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அடிமைத்தனம். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இன்று கொங்கு நாட்டு விவசாயியை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. பிரெஞ்சுக்காரன் மறைக்காமல் பெயர் வைத்தான். நாம் "பயன்பாட்டு உரிமை" என்று மெழுகி வைத்திருக்கிறோம். யாருடைய பயன்பாடு, யாருடைய உரிமை என்று அந்தப் பெயர் சொல்வதில்லை.

கொங்கு நாட்டில் நடந்தது நினைவிருக்கும். கொச்சியில் இருந்து பெங்களூருக்குப் போகும் கெயில் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் போக வேண்டும். விளைநிலங்கள் வழியே வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-இல் தமிழக அரசே சொன்னது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2016 பிப்ரவரி 2-ஆம் தேதி தமிழக அரசின் மனு தள்ளுபடியானது. சட்டம் அப்படி இருக்கிறது, நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் குறை சொல்வது சட்டத்தை.

ஆட்சேபணை சொல்ல வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு எங்கே வரும்? அரசிதழில். அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில் அரசிதழ்களைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்தவன் நான். நிலம் வைத்திருக்கும் ஒருவர்கூட அதை வந்து புரட்டிப் படித்து நான் பார்த்ததில்லை. அலுவலகப் பலகையில் ஒட்டிய தாளை ஆடு தின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உயிர்ப் பயம். அதைக் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. 2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியில் நகரம் என்ற ஊரில் குழாயில் இருந்து கசிந்த வாயு தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். நம் நாட்டில்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2004 ஜூலை 30-ஆம் தேதி பெல்ஜியத்தில், ஆத் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பேட்டையில், பிரான்ஸுக்கு எரிவாயு கொண்டுபோகும் பெரிய குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். கசிவைப் பார்க்க வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் உண்டு. முன்பு அங்கே நடந்த கட்டட வேலையில் இயந்திரம் பட்டுக் குழாய் காயப்பட்டிருந்தது. நம்மைவிடப் பணமும் கட்டுப்பாடும் உள்ள நாட்டிலேயே அந்த நிலைமை. அப்படியிருக்க, குழாய் மேல் ஏர் ஓட்டும் மனிதனிடம் "பயப்படாதே" என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

நண்பர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். "அப்போ நாட்டுக்கு கேஸ் வேண்டாமா?" வேண்டும். நிலக்கரியைவிட இதில் புகை குறைவு. லாரியில் கொண்டுபோவதைவிடக் குழாயில் கொண்டுபோவது நல்லது. என் வீட்டு அடுப்பும் வாயுவில்தான் எரிகிறது. நான் குழாயை எதிர்க்கவில்லை. அந்த 10 சதவீதத்தை எதிர்க்கிறேன். நாட்டின் நன்மைக்காக என்றால் நாடு முழுவதும் சேர்ந்து செலவு செய்யட்டும். குழாய்ப் பாதையில் நிலம் வைத்திருப்பவன் மட்டும் ஏன் தியாகி ஆக வேண்டும்?

10 சதவீதம் என்பது மாற்ற முடியாத விதியும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் இதே கெயில் குழாய்க்கு 2017-இல் முக்கம் பகுதியில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாநில அரசு உட்கார்ந்து பேசி இழப்பீட்டைக் கூட்டியது. பத்து சென்ட்டும் அதற்குக் குறைவாகவும் வைத்திருந்தவர்களுக்கு 5 லட்சம் தருவதாக அறிவித்தது. குழாய் நின்றுபோகவில்லை. 2021 ஜனவரியில் கொச்சி–மங்களூரு குழாயைப் பிரதமர் தொடங்கி வைத்தார். கொஞ்சம் கூடக் கொடுத்ததால் எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை.

என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவது மூன்று. ஒன்று, ஒரு முறை தரும் 10 சதவீதத்தை ஒழித்துவிட்டு, வாயு ஓடும் வரை வருடா வருடம் வாடகை. மாடியில் செல்போன் கோபுரம் வைக்க இடம் கொடுத்தவனுக்கு வாடகை வருகிறது, வயலைக் கொடுத்தவனுக்கு ஏன் வரக் கூடாது? இரண்டு, அறிவிப்பைத் தமிழில் எழுதி நிலத்துக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், 21 நாள் அன்றுதான் தொடங்க வேண்டும். மூன்று, அரசுப் புறம்போக்கும் சாலை ஓரமும் ஏன் முடியாது என்று எழுத்தில் சொன்ன பிறகே தனியார் வயலுக்குள் வர வேண்டும்.

நண்பரே, உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் இருபது மீட்டர் அகலத்துக்குக் கோடு போட்டு, "வீடு உங்களுடையதுதான், ஆனால் இங்கே இனி ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, இந்தாருங்கள் பத்து சதவீதம்" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? நாளை காலை கடற்கரையில் சொல்லுங்கள். நான் காத்திருப்பேன்.