மிளாவுக்கு ஒரு குண்டு!

இலங்கைக் காடுகளில் மிளா வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், அதை "எல்க்" என்றே எழுதி வைத்தார். உண்மையான எல்க் அமெரிக்காவில் வாழும் வேறு மான்.

அந்த மானைச் சுட, கொலராடோ மாநிலத்தில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்றே செப்டம்பரில் ஒரு பருவம் உண்டு. அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் சுடக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்து நாட்டுத் துப்பாக்கியும் அதே சாதிதான். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கருமருந்து. சிவகாசிச் சிறுவனுக்குக்கூட அதன் குணம் தெரியும்! குழலில் மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, குண்டைப் போட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரே குண்டில் சாய்ப்பவன் வீரனாம்! மிளா என்ன, முயலா? ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அடிபட்டாலும் நிற்காது. புதருக்குள் ஓடி, எங்கோ கிடந்து சாகும். சுட்டவனுக்குக் கறியும் இல்லை. மிளாவுக்கு உயிரும் இல்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் இந்த வேட்டையைத் தடுக்கிறது. 2021-இல் இந்த மலை புலிகள் காப்பகமும் ஆயிற்று. புலிக்கு மிளா முக்கிய இரை. அது குறைந்தால் புலி மாட்டுத் தொழுவத்தைத் தேடி வராதா?

"பயிரைக் காக்கத்தான் துப்பாக்கி" என்று விவசாயிகள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பன்றி அழித்த பயிருக்கு இழப்பீடு காலத்தோடு கிடைக்க வேண்டும். ஆனால், மிளாக்கறி விலைக்குப் போகும்போது அந்த நியாயமும் கூடவே போய்விடுகிறது.